அறிக்கைக்குள்ளேயே கணக்கு: தலைப்பு அடுக்கு எடிட்டரும் பிற நிரல் மொழிகளும்

மைசூர் நகரில் கீழ்த்திசை ஆராய்ச்சி நிலையம் என்று இன்று வழங்கும் ஸ்தாபனம், 1891-ஆம் ஆண்டில் கீழ்த்திசை நூலகம் என்ற பெயரில் தோன்றியது. தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்த பண்டிதர் ஒருவர் அங்கு ஒப்படைத்த, கிரந்த லிபியிலமைந்த ஓலைச்சுவடி கௌடலீயரின் அர்த்தசாஸ்திரமே என்பதை 1905-ஆம் ஆண்டில் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்தார். மூலநூல் 1909-இலும், அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1915-இலும் நூல்வடிவில் வெளிவந்தன. அரசியல் வரலாற்றைப் பயில்வோர் இச்செய்தியை அறிவர். நூலின் அமைப்பு பற்றிய மற்றொரு செய்தி அத்துணை கவனத்தைப் பெறவில்லை.

அர்த்தசாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்தின் பெரும்பகுதி ஒரு பொருளடக்கமாகும். 15 அதிகரணங்கள், 150 அத்தியாயங்கள், 180 பிரகரணங்கள் என்று நூல் தன்னைத்தானே வகுத்துக் காட்டுகிறது. அத்தியாயங்கள் 150 ஆகவும் பிரகரணங்கள் 180 ஆகவும் இருத்தல் பிழையன்று. சில அத்தியாயங்களில் பல பிரகரணங்கள் அடங்கியுள்ளன. சில பிரகரணங்கள் ஓர் அத்தியாயத்தைக் கடந்து அடுத்ததிலும் தொடர்கின்றன. ஒரே நூலை இருவேறு வகையில் பகுத்து, இரண்டையும் ஒருங்கே வைத்துக் காக்க வேண்டிய தேவை அன்றே இருந்தது என்பது இதனால் விளங்கும். நூலின் இறுதி அதிகரணம், நூல் இயற்றும் உத்திகள் 32-ஐ விளக்குகிறது. தமிழாசிரியர்களுக்கு இது புதிதன்று. நன்னூற் பாயிரமும் 32 உத்திகளைக் கூறுகிறது. அவற்றுள் தொகுத்துச் சுட்டல், வகுத்துக் காட்டல் என்னும் இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன.

தொகுத்தல், வகுத்தல் ஆகிய இவ்விரண்டையும் கணிப்பொறித் திரையில் செய்வதே இக்கட்டுரையில் கூறப்படும் சாதனத்தின் அடிப்படை வேலையாகும்.

தலைப்பு அடுக்கு எடிட்டர்

உரையைத் தட்டச்சு செய்யவும் திருத்தவும் உதவும் கணிப்பொறிச் சாதனத்துக்கு எடிட்டர் என்று பெயர். சாதாரண எடிட்டர், உரையைத் தலை முதல் கால் வரை ஒரே நீளச் சுருளாகக் கொள்கிறது. தலைப்பு அடுக்கு எடிட்டரோ, தலைப்பு, அதற்குட்பட்ட உபதலைப்பு, அதற்கும் உட்பட்ட பகுதி என்று உரையை மரக்கிளை போல் அமைத்துக்கொள்கிறது. ஒரு தலைப்பைச் சுருக்கினால் அதன் கீழுள்ள அனைத்தும் மறைந்து தலைப்பு மட்டும் நிற்கும். விரித்தால் யாவும் தோன்றும். ஒரு தலைப்பை இடம் பெயர்த்தால் அதன் கிளைகளும் உடன் பெயரும்.

டக்ளஸ் எங்கல்பர்ட் 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் செய்துகாட்டிய கணிப்பொறி அமைப்பில், உரையை இவ்வாறு படிநிலைகளாகச் சுருக்கியும் விரித்தும் காட்டும் வசதி இருந்தது. சிறு கணிப்பொறிகள் பரவியபின், டேவ் வைனரின் திங்க்டேங்க் 1983-இலும், அதன் வழிவந்த மோர் 1986-இலும் வெளிவந்தன. இவை யாவும் எண்ணங்களை ஒழுங்குபடுத்த உதவினவேயன்றி, எழுதியதைக் கொண்டு கணக்கிடுவதற்கு ஏற்பட்டவையல்ல. எழுதுமிடம் ஒன்று, கணக்கிடுமிடம் வேறொன்று என்ற நிலையே நீடித்தது. களப் பணியாளர் ஒவ்வொருவரும் இந்நிலையின் தொல்லையை அறிவர்.

களத்திலிருந்து ஓர் உதாரணம்

மைசூரில் 1961-இல் நிறுவப்பெற்ற மத்தியப் பட்டு வளர்ப்பு ஆராய்ச்சி பயிற்சி நிலையம் மத்தியப் பட்டு வாரியத்தைச் சேர்ந்தது. இத்தகைய நிலையங்கள் வகுத்துத் தரும் முறைகளைப் பின்பற்றிக் கிராமங்களில் புழு வளர்ப்பைப் பார்வையிடும் களப் பணியாளர் ஒருவரின் குறிப்பேட்டை உதாரணமாகக் கொள்ளலாம். கிராமம், வளர்ப்பு மனை, பார்வையிட்ட நாள் என்ற வரிசையில் அவர் குறிப்பெழுதுகிறார். முதற் பருவப் புழுவுக்கு 28 டிகிரி சென்டிகிரேடு அளவில் வெப்பமும் மிகுந்த ஈரப்பதமும் தேவை. ஐந்தாம் பருவத்தில் வெப்பம் 24 டிகிரி அளவிலும் ஈரப்பதம் 70 சதவீத அளவிலும் இருத்தல் நலம். ஆகவே ஒவ்வொரு தோலுரிப்புக்குப் பின்னும் வெப்பமானியின் அளவைக் குறிக்கிறார். அறுவடையின்போது பட்டுக்கூட்டின் எடையையும் குறிக்கிறார்.

மூன்று மனைகளின் கணக்கு பின்வருமாறு எனக் கொள்க. எண்கள் விளக்கத்துக்காகவே தரப்படுகின்றன. முதலாமவர் 50 முட்டைத் தொகுதிகளிலிருந்து 36 கிலோ கூடு எடுத்தார். இரண்டாமவர் 200 தொகுதிகளிலிருந்து 120 கிலோ. மூன்றாமவர் 150 தொகுதிகளிலிருந்து 84 கிலோ. நூறு தொகுதிக்கு எவ்வளவு என்று பார்த்தால் முறையே 72, 60, 56 கிலோ ஆகும். இம்மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஏறத்தாழ 62.7 வருகிறது. இது பிழையான சராசரி. மொத்தம் 400 தொகுதிகளுக்கு 240 கிலோ விளைந்தமையால், நூறு தொகுதிக்கு 60 கிலோ என்பதே சரியானது. சிறு மனையின் நல்ல விளைச்சலுக்குப் பெருமனைக்குச் சமமான எடை கொடுத்தமையால் முதற் கணக்கு உயர்ந்துவிட்டது.

அறிக்கையில் 62.7 என்று மட்டும் அச்சாகியிருந்தால், அது எவ்வாறு வந்தது என்பதை மேலதிகாரி அறிய வழியில்லை. பிறிதொரு சங்கடமும் உண்டு. மூன்றாம் மனையில் பத்துக் கிலோ கூடு எடைக்கு வராமல் விடுபட்டது என்று ஒரு வாரம் கழித்துத் தெரிய வருகிறது. 84 என்பது 94 ஆகிறது, சராசரி 62.5 ஆகிறது. அட்டவணையைத் திருத்திய பணியாளர், அறிக்கையின் இரண்டாம் பக்கத்து வாக்கியத்தில் நின்ற 60-ஐத் திருத்த மறந்துவிடுகிறார். இனி அவ்வறிக்கையில் அட்டவணை ஒன்று கூறும். வாக்கியம் வேறொன்று கூறும். அலுவலகங்களில் இவ்விதப் பிழைகள் மலிந்திருப்பதற்குக் கவனக்குறைவைக் காரணம் காட்டுவது வழக்கம். கையால் எண்ணைப் பெயர்த்தெழுதும் முறையே உண்மையான காரணம் எனலாம்.

உள்ளிருந்து வெளியே அழைத்தல்

இப்பிழைக்கு மருந்து, எண்ணை எழுதாமல் எண்ணைத் தரும் கணக்கையே அறிக்கைக்குள் எழுதிவைப்பதாகும். இக்கருத்து டொனால்ட் நூத் என்னும் கணிப்பொறி அறிஞரின் கொள்கைக்கு நெருங்கிய உறவினது. இயந்திரத்துக்கு நிரல் எழுதுவதைக் காட்டிலும், அந்நிரலை மனிதருக்கு விளக்கும் கட்டுரையை எழுதுவதே முறை என்று 1984-ஆம் ஆண்டில் அவர் ஒரு கட்டுரை வாயிலாக வற்புறுத்தினார். விளக்கமும் நிரலும் ஒரே கோப்பில் கலந்து நிற்கும். தேவைப்பட்டபோது இயந்திரத்துக்குரியதைத் தனியாகப் பிரித்தெடுக்கலாம்.

ஈமாக்ஸ் என்பது ரிச்சர்ட் ஸ்டால்மன் உருவாக்கி 1985 முதல் இலவசமாக வழங்கப்பெற்று வரும் எடிட்டர். ஆம்ஸ்டர்டாமில் வானியல் அறிஞராகிய கார்ஸ்டன் டொமினிக், தம் குறிப்புகளை ஒழுங்குபடுத்துவதற்காக 2003-இல் இதன்மேல் ஆர்க் என்னும் தலைப்பு அடுக்கு முறையை அமைத்தார். 2007-இல் வந்த 22-ஆம் பதிப்பு முதல் அது ஈமாக்ஸுடன் சேர்ந்தே வருகிறது. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியிட்டால் தலைப்பு, இரண்டிட்டால் உபதலைப்பு. இவ்வளவே அதன் அடிப்படை இலக்கணம்.

எரிக் ஷுல்ட், டான் டேவிசன் ஆகிய இருவரும் இதனுடன் பேபல் என்ற பகுதியைச் சேர்த்தனர். தொடக்கக் குறி ஒன்றுக்கும் முடிவுக் குறி ஒன்றுக்கும் இடையே, இன்ன மொழியில் என்று அறிவித்து, நிரலை எழுதலாம். பைத்தான், புள்ளியியலுக்கென அமைந்த ஆர், தரவுத்தள மொழியாகிய எஸ்க்யூஎல், கணிப்பொறிக்குக் கட்டளையிடும் ஷெல், வரைபடம் தீட்டும் நூபிளாட் முதலிய பல மொழிகளும் சாதனங்களும் இவ்வகையில் இணைக்கப்பெற்றுள்ளன.

இது நடைபெறும் விதம் எளியது. குறிகளுக்கு இடைப்பட்ட நிரலை எடிட்டர் எடுத்து, உரிய மொழியின் இயக்கியை அழைத்து, அதனிடம் ஒப்படைக்கிறது. பைத்தானை எடிட்டர் அறியாது. பைத்தான் இயக்கியை அழைக்க மட்டுமே அறியும். விடை வந்ததும் அதை அட்டவணையாகவோ எழுத்தாகவோ மாற்றி, நிரலின் அடியில் ‘விளைவு’ என்ற குறியின் கீழ் எழுதி வைக்கிறது. மீண்டும் இயக்கினால் பழைய விளைவு நீங்கிப் புதியது அவ்விடத்தில் அமரும்.

பெயரிடப்பட்ட அட்டவணையை நிரலுக்கு உள்ளீடாகக் கொடுக்க முடிவதே இதன் சிறந்த பயன். மேற்கூறிய மூன்று மனைகளின் அட்டவணைக்கு ‘கூடு எடை’ என்று பெயரிட்டால், பைத்தான் பகுதிக்கு அது வரிசைகளின் பட்டியலாகவும், ஆர் பகுதிக்கு அம்மொழிக்குரிய தரவுச் சட்டமாகவும் சென்று சேரும். ஒரு மொழியின் விளைவை மற்றொரு மொழி உள்ளீடாகப் பெறுதலும் உண்டு. வெப்ப அளவுகளைத் தானே பதியும் கருவியின் கோப்பிலிருந்து வேண்டிய வரிகளை ஷெல் பொறுக்கித் தரலாம். 28 டிகிரியைக் கடந்த நாட்களைப் பைத்தான் எண்ணலாம். நூபிளாட் படம் வரையலாம். சராசரியைத் தரும் சிறு அழைப்பை வாக்கியத்தின் நடுவிலேயே இடவும் வழியுண்டு. அப்போது 84-ஐ 94 ஆக்கி மீண்டும் இயக்கினால் அட்டவணையும் வாக்கியமும் ஒருங்கே மாறும்.

பேபலின் அமைப்பையும் அதைக் கொண்டு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதும் முறையையும் அதன் ஆசிரியர்கள் 2012-இல் புள்ளியியல் மென்பொருள் பற்றிய ஆராய்ச்சிச் சஞ்சிகை ஒன்றில் விளக்கினர். பிறர் அதே தரவைக் கொண்டு அதே முடிவை அடையக் கூடிய ஆராய்ச்சியே அவர்களுடைய நோக்கம். கிராமக் கணக்குக்கும் இந்நோக்கம் பொருந்தாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

புதியவர் இடறி விழும் இடம் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். பைத்தான் பகுதியின் விளைவை இரு வகையில் கேட்கலாம்: நிரல் திருப்பித் தரும் மதிப்பு ஒன்று, நிரல் அச்சிட்ட எழுத்து மற்றொன்று. மதிப்பைக் கேட்டுவிட்டு, திருப்பித் தருக என்ற கட்டளையை நிரலில் எழுத மறந்தால் ‘ஏதுமில்லை’ என்பதே விடையாக வரும். கணக்கில் பிழை என்று கருதி மணிக்கணக்கில் தேடுவோர் உண்டு. இதனினும் ஆபத்தானது தொடர்ச்சி முறை. அம்முறையில் இயக்கி மூடப்படாமல் முன்னைய மதிப்புகளை நினைவில் வைத்திருக்கும். பகுதிகளை முன்பின்னாக இயக்கினால், கோப்பில் எழுதியுள்ளபடி வாராத விடை திரையில் நிற்கக் கூடும். அறிக்கையை அனுப்புமுன் இயக்கியை மூடி, முதலிலிருந்து இறுதி வரை ஒருமுறை இயக்கிப் பார்ப்பது அவசியம்.

வெளியிலிருந்து உள்ளே வருதல்

மற்றொரு பாதை லியோ என்னும் எடிட்டருடையது. அமெரிக்க நாட்டினராகிய எட்வர்ட் ரீம் இதனை 1990-களின் நடுப்பகுதியில் தொடங்கினார். நூத்தின் கொள்கையையும், முன்னர்க் கூறிய மோர் போன்ற தலைப்பு அடுக்கையும் இணைக்க வேண்டும் என்பதே அவருக்குத் தோன்றிய எண்ணம். இன்றைய லியோ முழுவதும் பைத்தான் மொழியில் அமைந்தது, இதுவும் இலவசம்.

லியோவில் பிரதி என்றொரு வசதி உண்டு. சாதாரண நகலில் இரண்டு தனித்தனி உரைகள் உண்டாகும். லியோவின் பிரதியிலோ உரை ஒன்றே. அது மரத்தின் பல கிளைகளில் தோன்றும். ஓரிடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். கிராம வாரியாக எழுதிய குறிப்புகளை, நோய் வாரியாகவோ மாத வாரியாகவோ மற்றொரு கிளையில் அடுக்கிக் காணலாம். 150 அத்தியாயங்களும் 180 பிரகரணங்களும் ஒரே நூலுக்குள் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் அர்த்தசாஸ்திர அமைப்பை இவ்விடத்தில் நினைவுகூரலாம். ஒற்றை மரத்தால் அதைக் காட்ட இயலாது, பிரதிகளால் இயலும்.

லியோவில் எழுதும் பைத்தான் நிரல், தான் அமர்ந்திருக்கும் தலைப்பு மரத்தையே கையாள முடியும். ஜி, சி, பி என்ற மூன்று எழுத்துகள் நிரலுக்கு ஆயத்தமாகக் கிடைக்கின்றன. ஜி பொதுவான உதவிக் கருவிகளையும், சி திறந்திருக்கும் மரம் முழுவதையும், பி தற்போது நிற்கும் தலைப்பையும் குறிக்கும். மரம் முழுவதும் உலவி, ‘நோய்’ என்ற சொல் வரும் தலைப்புகளைத் தேடி, அவற்றைத் தனிக்கிளையாகத் தொகுக்கும் நிரலைச் சில வரிகளில் எழுதிவிடலாம். அதைத் திரையில் ஒரு பொத்தானாகவும் வைக்கலாம். ஆர்க் முறையிலும் இது கூடும். ஆயின் பெரும்பாலும் ஈமாக்ஸின் சொந்த மொழியாகிய லிஸ்ப்பைக் கற்க வேண்டியிருக்கும்.

இனி, எடிட்டரின் திரையே இல்லாமல் அதன் மரத்தைப் பிற நிரல்கள் திறந்து பயன்படுத்தவும் லியோ ஒரு பாலம் அமைத்துள்ளது. மேலும், லியோ ஒரு சேவையகமாகப் பின்னே நின்று, பிற மொழியில் எழுதிய வேறொரு சாதனம் அனுப்பும் செய்திகளுக்கு விடையளிக்கவும் கூடும். நிரலாளர் பலர் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட் என்னும் எடிட்டருக்குள் லியோவின் மரம் தோன்றுவது இம்முறையினாலேயே. முகம் ஒரு மொழியிலும் மூளை மற்றொரு மொழியிலும் இருந்து, இடையே கடிதப் போக்குவரத்து நடைபெறுவதாகக் கொள்ளலாம்.

இவ்விரு பாதைகளுள் எது சிறந்தது என்று வினவுதல் இயல்பு. பல மொழிகளைத் தொட்டுச் செல்லும் அறிக்கைக்கு ஆர்க் முறையும், தலைப்பு மரத்தையே திரும்பத் திரும்ப மாற்றியடுக்க வேண்டிய பெருந்தொகுப்புக்கு லியோவும் ஏற்றவை. எனினும் நெடுநாள் காக்க வேண்டிய களக் குறிப்புக்கு ஆர்க் முறையே முற்படுகிறது. அதன் கோப்பு வெறும் எழுத்தாலானது. எடிட்டர் இல்லாத கணிப்பொறியிலும் எவரும் திறந்து படிக்கலாம். லியோவின் கோப்பும் எழுத்தாலானதே. ஆயின் குறிகள் செறிந்திருப்பதால் கண்ணால் படிப்பது எளிதன்று.

இயக்கி முதுமையடைதல்

எழுத்து நிலைக்கும், இயக்கி நிலைக்காது. பைத்தானின் இரண்டாம் தலைமுறைக்கு அதன் அமைப்பாளர்கள் 2020 ஜனவரி முதல் தேதியுடன் ஆதரவை நிறுத்திக்கொண்டனர். அச்சிடுக என்னும் கட்டளையின் வடிவமே மூன்றாம் தலைமுறையில் மாறிவிட்டது. 2010-இல் எழுதிய நிரல் பகுதி இன்று அவ்வாறே இயங்காமற்போவதற்கு இது ஒன்றே போதும். இதனால் விளைவையும் நிரலோடு கோப்பிலேயே வைத்துக்கொள்வது நன்று. எந்த மொழியின் எந்தப் பதிப்பில் இயக்கப்பட்டது என்று ஒரு வரி எழுதி வைப்பதும் நன்று. இயக்கி மறைந்தாலும் கணக்கிட்ட வழியை மனிதர் படித்தறியலாம்.

முன்னெச்சரிக்கை

நிரலைத் தன்னுள் கொண்ட ஆவணம் வெறும் ஆவணமன்று. பிறர் அனுப்பிய கோப்பிலுள்ள ஒரு பகுதி, கணிப்பொறியிலுள்ள கோப்புகளை அழிக்கவும் கூடும். இதை முன்னிட்டே, தொடக்கத்தில் ஈமாக்ஸ் லிஸ்ப் ஒன்றுக்கு மட்டும் பேபல் இடமளிக்கிறது. பிற மொழிகளை உபயோகிப்பவரே வேண்டுமென்று இணைக்க வேண்டும். ஒவ்வொரு பகுதியையும் இயக்குமுன் அனுமதியும் கேட்கிறது. இக்கேள்வி தொல்லையாயிருக்கிறதென்று நிறுத்திவிடுவோர் உளர். தம் கோப்புகளுக்கு மட்டும் அவ்வாறு செய்தால் கேடில்லை. எல்லாக் கோப்புகளுக்கும் செய்வது தகாது.

அனுமதிக் கேள்வியும் முழுக்காப்பு ஆகாது என்பது 2024-இல் தெரிய வந்தது. ஆர்க் கோப்பைத் திறந்த மாத்திரத்திலேயே அதில் ஒளிந்துள்ள கட்டளை இயங்கக் கூடிய குறைகள் வெளிப்பட்டன. அவற்றைக் களைவதற்காக அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஈமாக்ஸ் 29.3-உம், ஜூன் மாதத்தில் 29.4-உம் அவசரப் பதிப்புகளாக வெளியிடப்பட்டன. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பழைய பதிப்பு இன்னும் இருக்குமாயின் அதை மாற்றியாக வேண்டும்.

தமிழில் எழுதுவோர்க்கு

ஈமாக்ஸுடன் தமிழ் உள்ளீட்டு முறைகள் சேர்ந்தே வருவதால், தலைப்புகளையும் விளக்கங்களையும் அட்டவணைத் தலைகளையும் தமிழிலேயே எழுதலாம். ஒரு சிறு குறை உண்டு. தமிழெழுத்துகள் அகலத்தில் வேறுபடுவதால் அட்டவணையின் கோடுகள் திரையில் நேராக நில்லாமல் வளைந்து தோன்றும். கணக்குக்கு இதனால் ஊறு இல்லை. அச்சுப்பிரதியாகவோ இணையப் பக்கமாகவோ மாற்றும்போது அட்டவணை நேராகவே அமைகிறது. கோடு கோணலாயிருக்கிறதென்று இடைவெளிகளைக் கையால் சேர்த்துத் திருத்த முற்படுவது வீண். அடுத்த முறை பொத்தானை அழுத்தியதும் எடிட்டர் அவற்றை மாற்றிவிடும்.

ஆசிரியர்கள் பாடக்குறிப்பிலிருந்தே தொடங்கலாம். ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் மாணவர் அளந்து தந்த எண்களை ஓர் அட்டவணையில் எழுதி, அதன் கீழே நேரத்தின் வர்க்கத்தைக் கணக்கிடும் நான்கு வரி நிரலையும், அதன் கீழே வரைபடத்தையும் அமைத்தால், அடுத்த ஆண்டின் மாணவருக்கு அட்டவணையை மட்டும் மாற்றினால் போதும். களப் பணியாளர் ஒரு கிராமத்தின் ஒரு வளர்ப்புக் காலத்துக்கு மட்டும் இம்முறையில் எழுதி, அதே கணக்கைப் பழைய வழக்கப்படி தாளிலும் போட்டு, இரண்டும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தபின் அடுத்த கிராமத்துக்குச் செல்லலாம். ஒவ்வாத இடத்தில் பெரும்பாலும் அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கும், அல்லது எடை கிராமிலும் கிலோவிலும் கலந்து எழுதப்பட்டிருக்கும்.